காருக்குள் காய்ந்த வடகம்

பாரிசில் எங்களவர் கடைகள் நிறைந்த ரூ பெர்தொனே வீதியில் ஒரு கதை உலாவுகிறது. என் மனைவி என்னைக் கைவிட்டு, வளைகுடாவில் மகளோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டாள் என்பது அந்தக் கதை. பலசரக்குக் கடையொன்றில் பிறந்து, தேநீர்க்கடை மேசைகளைச் சுற்றி, தொடருந்தில் ஏறிப் புறநகரான சார்செல் வரை போய், அங்கே கை கால் முளைத்து மீண்டும் லா சப்பலுக்கு வந்திருக்கிறது. என் முகத்துக்கு நேரே எவரும் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துகிறார்கள். எனக்கு அது போதும்.

ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். அந்த வளைகுடா நகரத்தின் பெயரை எழுதப்போவதில்லை. என் மருமகனுக்குச் சம்பளம் கொடுக்கும் நகரம் அது, காரணம் அவ்வளவுதான். அதன்மீது எனக்கு மதிப்பு இருப்பதாக எவரும் பொருள்கொள்ள வேண்டாம்.

லா சப்பல் மெத்ரோவிலிருந்து சிறிது தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில், தகரக் கூரைக்கு நேர் கீழே எங்கள் வீடு. எங்களவர்கள் அசான்சேர் என்று சொல்லும் மின்தூக்கி அந்தக் கட்டடத்தில் கிடையாது. சுழன்று ஏறும் மரப்படிகள் மட்டும் உண்டு. என் மனைவியின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன என்று வைத்தியர் படம் பிடித்துக் காட்டிய பிறகு, அவள் கீழே இறங்குவது கோயிலுக்கும் வைத்தியரிடமும் மட்டும் என்றாயிற்று. அடுத்த குளிர்காலத்தில் கோயிலும் நின்றது. சார்செல்லில் மின்தூக்கியுள்ள வீடொன்று எடுக்கும்படி உறவினர் பலர் ஆலோசனை கூறினார்கள். நான் ஆலோசனை கேட்டிருக்கவில்லை. கொழும்பில் பட்டம் பெற்று, இந்த நகரத்துக்கு வந்து, உணவகமொன்றில் பாத்திரம் கழுவி, பின்னர் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் எனக்கென்று ஒரு மேசை பெற்று, அந்த மேசையிலிருந்தே ஓய்வு பெற்றவன் நான். எனக்கு வரும் கடித உறையில் பாரிஸ் பத்தாம் வட்டாரம் என்று இருக்கிறது. புறநகருக்குப் போனவர்கள் அதை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. கருதியிருந்தால் போயிருக்கமாட்டார்கள்.

எங்கள் ஒரே மகள் இங்கே பிறந்தவள். சென் தெனியில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவள். சில ஆண்டுகளுக்கு முன் கணவனோடு அந்தப் பாலைவன நகரத்துக்குப் போனாள். மருமகன் அங்கே பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் இயந்திரங்களுக்குப் பொறியியலாளர். அங்கு போன நாள் முதல் மகளின் வாயில் ஒரு பிரெஞ்சுத் தொடர் ஒட்டிக்கொண்டது: கலித்தே த வீ. வாழ்க்கைத் தரம்.

“அப்பா, இஞ்சை ஸ்ட்ரெஸ் எண்டதே இல்லை. மெத்ரோ இல்லை, கிரேவ் இல்லை, மழை இல்லை. கீழை இறங்க அசான்சேர். அம்மாவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்.”

வேலைநிறுத்தம் இல்லாததை ஒரு வரமாகச் சொல்லலாம்; விவாதிக்கலாம். மழை இல்லாததை வரமாகச் சொல்ல இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ தெரியவில்லை. ஆயினும் மார்கழிக் குளிரில் மனைவியின் முழங்கால் வீங்கியபோது நான் சம்மதித்தேன். சித்திரை வருடப்பிறப்புக்குத் திரும்பிவிடுவதென்று பேச்சு.

அந்தப் பாலைவனத்தில் நான் முதலில் அனுபவித்தது குளிர். விமான நிலையத்தில் குளிர், காரில் குளிர், வீட்டில் குளிர். பாரிசில் வீதிக்குப் போட்ட கம்பளிச் சட்டையை அங்கே சாப்பாட்டு மேசையில் போட்டுக்கொண்டேன். யன்னல்கள் சுவரளவு பெரியவை, ஒன்றும் திறக்காது. கருமை பூசிய கண்ணாடிக்கு வெளியே வெயில் ஒரு திரைப்படம்போல ஓடியது. கூரையிலிருந்து ஒரு ரீங்காரம் ஓயாமல் கேட்டது. “என்ன சத்தம்?” என்று மருமகனைக் கேட்டேன். “எந்தச் சத்தம் மாமா?” என்றார். அவர்களுக்கு அது கேட்பது நின்றுபோயிருந்தது.

வீதியின் மறுகரையில் ஒரு வெதுப்பகம். யன்னலில் நின்றால் அதன் பெயர்ப்பலகையை வாசிக்கலாம். ஆனால் இடையே ஓடும் அகன்ற நெடுஞ்சாலையை மனிதன் நடந்து கடக்க வழியில்லை. பாண் வாங்கக் காரில் ஏறி, பாலமொன்று வரும்வரை எதிர்த்திசையில் போய், திரும்பி வரவேண்டும். பாரிசில் செருப்போடு இறங்கிச் செய்யும் காரியம் அங்கே ஒரு பயணம். உடற்பயிற்சிக்காக மக்கள் அங்காடிக் கட்டடங்களுக்குள், செருப்புக் கடைகளையும் வாசனைத்திரவியக் கடைகளையும் வட்டமடித்து நடந்தார்கள். நானும் சிலமுறை நடந்தேன். ஓய்வுபெற்ற ஒரு கணக்காளர் ஒரே கைக்கடிகாரக் கடையை ஒரே காலையில் பலமுறை கடந்து போவதில் என்ன தரம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மகளின் குளியலறை அலுமாரியில் விற்றமின் டி மாத்திரைகள் இருந்தன. வருடம் முழுவதும் சூரியன் எரியும் ஊரில் அவளுக்கு வெயிற் சத்துக் குறைவாம், வைத்தியர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியில் பல்லுறை. நித்திரையில் பற்களை நெருமுகிறாள் என்று பல்வைத்தியர் செய்துகொடுத்தது.

“ஸ்ட்ரெஸ் இல்லையெண்டு சொன்னியே பிள்ளை,” என்றேன், அதைச் சுட்டிக்காட்டி.

“அது வேலையாலை அப்பா. ஊராலை இல்லை.”

“வேலை எந்த ஊரிலை?”

“ஓ பாப்பா!” என்று பிரெஞ்சுக்குத் தாவி, கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இங்கே பிறந்த பிள்ளைகள் பதில் இல்லாதபோது மொழி மாறிவிடுவார்கள்.

இனி நேர்மையாக ஒன்றைப் பதிவு செய்யவேண்டும். அந்த நகரத்துக்கு எதிராக எழுதுபவன் என்பதற்காக அதை மறைக்கமாட்டேன். மாசி மாதத்துக்குள் என் மனைவியின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், மின்தூக்கியில் தனியே கீழே இறங்கிக் கட்டடத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். முதலில் ஊன்றுகோலோடு, பிறகு அது கதவு மூலையில் சாய்ந்தே கிடந்தது. அவள் என்னிடம் சொல்லாமல் வெளியே போய் வந்ததைப் பல ஆண்டுகளாக நான் கண்டதில்லை. சூட்டு ஒத்தடமும் அதைச் செய்திருக்கும் என்று நான் சொன்னேன். “ஓம், நீங்கள் சொன்னால் சரி,” என்றுவிட்டுச் சப்பாத்தை மாட்டினாள்.

பங்குனி கடைசியில் ஒருநாள் கைநிறையப் பூவோடு வந்து என் மூக்கடியில் நீட்டினாள்.

“இஞ்சாருங்கோ, மணந்து பாருங்கோ.”

வேப்பம்பூ. அந்த வீதியோரத்தில் மாநகர சபை வேம்புகளை வரிசையாக நட்டிருந்தது. ஒவ்வொரு மரத்தின் காலிலும் கறுப்புக் குழாய் சுற்றியிருக்கும். வைத்தியசாலை நோயாளிகளைப்போலக் குழாயில் குடித்து உயிர்வாழும் மரங்கள். அவை பூத்துவிட்டன.

“நிலமெல்லாம் கொட்டிக் கிடக்குது. ஒருத்தரும் எடுக்கினமில்லை.”

“எடுக்காததுக்கு ஏதாவது காரணம் இருக்கும்,” என்றேன்.

“என்ன காரணம்? அவைக்கு வடகம் தெரியாது, வேறென்ன?”

வேப்பம்பூ வடகத்தை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உழுந்தை ஊறவைத்து அரைத்து, வெங்காயமும் செத்தல்மிளகாயும் பெருஞ்சீரகமும் வேப்பம்பூவும் சேர்த்துத் தட்டி, கடும் வெயிலில் உலரவைத்து, வேண்டும்போது பொரிப்பது. பாரிசில் அதற்குப் பூவும் கிடையாது, வெயிலும் கிடையாது. பெர்தொனேயில் பொதியில் வாங்குகிறோம்; அரைவாசி தூள். பூவும் வெயிலும் ஒருசேர இலவசமாகக் கிடைக்கும் ஊரைக் கண்டதும், என் மனைவி தான் எங்கே இருக்கிறாள் என்பதை மறந்தாள். மறுநாள் விடியற்காலை ஒரு பழைய நூற்சேலையைக் கொண்டுபோய் மாநகர சபையின் மரத்தடியில் விரித்து, கொப்பைப் பிடித்து உலுப்பியிருக்கிறாள்.

அன்று மதியத்துக்குள் அந்தக் காட்சி ஒரு புகைப்படமாக, கட்டடவாசிகள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எடுத்தவர் எங்கோ மேல்மாடியிலிருந்து எடுத்திருந்தார். கீழே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. யாரோ ஒருவரின் வீட்டு வேலைக்காரி வீதியில் குப்பை பொறுக்குகிறாள். உங்கள் பணியாளரைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள் என்பது அதன் சாரம். அடியில் பலர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

நான் மேசையில் அமர்ந்து ஒரு பதில் எழுதினேன். என் ஆங்கிலம் பழைய கல்லூரி ஆங்கிலம், தேவையானபோது கூர்மையாகும். அந்தப் பெண்மணி யார், எக்குடும்பத்தவள், எந்தக் கல்லூரியில் படித்தவள் என்பதைச் சொல்லி, படமெடுத்தவரின் வளர்ப்பைப் பற்றி ஓர் ஐயத்தை மட்டும் கண்ணியமாக எழுப்பியிருந்தேன். மகள் அதை வாசித்துவிட்டுத் தொலைபேசியை என் கையிலிருந்து பறித்தாள்.

“அப்பா, நோன்! அனுப்பாதேங்கோ. இவரின்ரை வேலையிடத்துப் பெரியவரும் அந்தக் குரூப்பிலை இருக்கிறார்.”

“அப்ப உன்ரை அம்மாவை வேலைக்காரி எண்டதை விழுங்கச் சொல்லுறியோ?”

குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “வேலைக்காரி எண்டுதானே சொன்னவங்கள், கள்ளி எண்டே சொன்னவங்கள்? பூ நல்ல பூ. ரெண்டாந்தரம் எடுத்தால்தான் காணும்.”

“ரெண்டாந்தரமோ!” என்றேன்.

மகள் சிரித்தாள். “அம்மா, இஞ்சை சேலையோடை நடந்து போனால் வேலைக்காரி. களிசானும் தொப்பியும் போட்டால் மடாம். அவ்வளவுதான்.”

அந்த நகரத்தின் வாழ்க்கைத் தரத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சரியான வரைவிலக்கணம் இதுதான். அங்கே காலால் நடப்பவர்கள் இரு சாதி: வேலைக்கு நடப்பவர்கள், உடம்பு இளைக்க நடப்பவர்கள். இடையில் ஒரு மனிதர் சும்மா நடக்க இடமில்லை.

மறுநாள் என் மனைவி, பாரிசின் எந்தக் குளிரிலும் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டே சமாளித்தவள், மகளின் நீலக் காற்சட்டையை மாட்டி, வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து வெளிப்பட்டாள். நான் வாசற்கூடத்துக் கண்ணாடிக்கு அப்பால் போகவில்லை. முதல்நாள் அவளைத் துரத்தியிருக்கக்கூடிய அதே காவலாளி எழுந்து நின்று, “குட் மோர்னிங் மேடம்” என்று கதவைத் திறந்தான். அவள் அதே மரத்தடியில் அதே பூவைப் பொறுக்கினாள். எவரும் படம் எடுக்கவில்லை. மகள் மட்டும் எடுத்தாள். எடுத்ததோடு நில்லாமல் உறவினருக்கெல்லாம் அனுப்பியும் வைத்தாள். அந்தப் படம் நான் திரும்புமுன்பே லா சப்பலுக்கு வந்து சேர்ந்திருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அவமானத்தினூடே நான் கண்ட ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சேலைக்குள் தெரியாதது களிசானில் தெரிந்தது. அவளது முழங்கால்கள் மடங்கி, நிமிர்ந்து, மீண்டும் மடங்கின. குந்தியிருந்து பூப் பொறுக்கியவள் ஒன்றையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள்.

வடகம் தட்டியாயிற்று. காயவைப்பது எங்கே? மாடிமுகப்பில் எதையும் உலரவிடக் கூடாது என்பது கட்டட விதி, மீறினால் தண்டம். மேற்கூரைக் கதவுக்குப் பூட்டு. உலகத்தின் மிகக் கொடிய வெயிலுக்கு நடுவே, ஒரு தட்டு வடகத்துக்கு வெயில் கிடைக்காத நிலை. சித்திரையும் பிறந்துவிட்டது. இத்தோடு விட்டுவிடுவாள், ஊர் திரும்பலாம் என்று நான் எண்ணினேன். ஆனால் விடுமுறை நாளொன்றில், திறந்த தரிப்பிடத்தில் நின்ற மருமகனின் காருக்குள் விட்டிருந்த மகளின் உதட்டுச்சாயம் குழம்பாக உருகிப்போனது. மகள் அதைக் கொண்டுவந்து காட்டி அழாக்குறையாக நின்றாள். என் மனைவி அதை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

“தம்பி, காரை இண்டைக்கு எடுக்கிறியளோ?” என்று மருமகனைக் கேட்டாள்.

“இல்லை மாமி. ஏன்?”

“சும்மா கேட்டனான்.”

முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு தட்டு, பின்கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு. தூசி இல்லை, காகம் இல்லை, விதி இல்லை. மாலையில் வடகம் கல்லாகக் காய்ந்திருந்தது. தட்டினால் ஓசை வந்தது. இத்தனை வருடத்தில் தான் தட்டிய வடகத்தில் இதுதான் முதற்தரம் என்று அவள் கூறியபோது, வாழ்நாளில் எனக்குக் கிடைத்த எந்தப் பதவி உயர்வுக்கும் அவள் முகத்தில் அத்தகைய ஒளியை நான் கண்டதில்லை.

மறுநாள் மருமகன் தன் மேலதிகாரியை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். காருக்குள் வெங்காயமும் பெருஞ்சீரகமும் வேம்பும் வெந்து ஊறியிருந்தன. அந்த ஐரோப்பியர் சிறிது தூரம் பொறுத்திருந்துவிட்டு, குளிரூட்டிக்குள் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். குளிரூட்டும் இயந்திரங்களின் பொறியியலாளரிடம் கேட்ட கேள்வி அது! மருமகன் இரவுச் சாப்பாட்டில் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். மனைவியும் மகளும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

“இதோடை நிப்பாட்டும்,” என்று மனைவியிடம் சொன்னேன். “அந்தப் பிள்ளையின்ரை உத்தியோகத்துக்கும் எங்கடை மரியாதைக்கும் கேடு.”

அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள். “நாலாம் மாடியிலை இருத்திவைச்சுச் சொல்லுற மாதிரி இஞ்சை சொல்லாதேங்கோ. இஞ்சை நான் இறங்கிப் போவன்.”

அதன் பிறகு திரும்பும் நாள் தள்ளித் தள்ளிப் போயிற்று. வைகாசி போயிற்று, ஆனி வந்தது. அந்த நகரம் தன் உண்மையான முகத்தைக் காட்டியது அப்போதுதான். குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் கொதிநீர் வந்தது. தண்ணீர்த் தாங்கி கூரையில் வெயிலில் கிடப்பதால் அப்படியாம். ஆகையால் அங்குள்ளவர்கள் கோடையில் வெந்நீர்க் கொதிகலனை நிறுத்திவிட்டு, அதில் ஆறிய நீரைச் சுடுநீர்க் குழாயால் எடுத்துக் குளிக்கிறார்கள். சுடுநீருக்குக் குளிர்க்குழாய், குளிர்நீருக்குச் சூட்டுக்குழாய். இதையும் மகள் ஒரு புத்திசாலித்தனமாகவே விளக்கினாள். விடியுமுன்பே காற்று ஈரத்துணிபோல முகத்தில் ஒட்டியது. மூக்குக்கண்ணாடி வெளியே வந்ததும் மூடுபனி கட்டியது. உள்ளே வந்ததும் கழுத்து வியர்வை உறைந்தது. ஒரு நாளில் பலமுறை கோடையிலிருந்து குளிர்காலத்துக்கும் குளிர்காலத்திலிருந்து கோடைக்கும் தூக்கியெறியப்பட்ட என் தலை இடிக்காத நாள் இல்லை. யன்னலடியில் நின்றால், தலையில் நனைந்த துவாய் கட்டிய தொழிலாளரை ஏற்றிய வெள்ளை பஸ்கள் போவது தெரியும். எங்கள் வீட்டுக் குளிரை அந்த வெயிலில் நின்று செய்துகொடுப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய தரத்தை யாரும் அளப்பதாகத் தெரியவில்லை.

நான் எனக்கும் அவளுக்கும் பயணச்சீட்டு எடுக்கும்படி மகளிடம் சொன்னேன். மகள் தாயைப் பார்த்தாள்.

“நீங்கள் முன்னாலை போங்கோ,” என்றாள் மனைவி. “கடைசியாய்த் தட்டின வடகம் இன்னும் காயேல்லை. காய்ஞ்ச உடனை வாறன்.”

வெளியே நின்றால் செருப்பின் அடி இளகும் வெயில். அந்த வெயிலில் வடகம் காயவில்லையாம்.

பயண நாளில் அவள் என்னோடு மின்தூக்கியில் வாசல்வரை இறங்கி வந்தாள். மருமகன் பெட்டிகளை ஏற்றும்போது, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “சார்செல்லிலை அசான்சேர் உள்ள வீடு ஒண்டு பாருங்கோ. பார்த்திட்டு எனக்குச் சொல்லுங்கோ.”

“பத்தாம் வட்டாரத்தை விட்டு நான் போகமாட்டன். உமக்குத் தெரியும்.”

“ஓம், தெரியும். அப்ப வடகம் காயாது.”

அவ்வளவுதான். குரல் உயரவில்லை, கண் கலங்கவில்லை. ஒரு நிபந்தனை வைத்தாள். அதை நான் அறிவேன் என்பதையும் அவள் அறிவாள்.

பாரிசுக்கு வந்த மறுநாள் பெர்தொனேயில் நான் வழக்கமாகப் போகும் பலசரக்குக் கடைக்குப் போனேன். முதலாளி எனக்கு இளையவர். எப்போதும் எழுந்து நின்று பேசுபவர்.

“வாங்கோ ஐயா. அம்மா வரேல்லையோ?”

“வடகம் காயப் போட்டிருக்கிறா. காய்ஞ்சதும் வருவா,” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் யோசித்தார். “அங்கை அம்பது டிகிரி எண்டு சொல்லுறாங்கள் ஐயா. அங்கையே காயாட்டி வேறை எங்கை காயும்?”

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், நான் அறியாதவர், தனக்குள் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார்: “வடகத்துக்குப் பிரிபெக்சரிலை ரந்தேவு கிடைக்கேல்லையாக்கும்.”

விசாவுக்கும் வதிவிட அட்டைக்கும் அந்த அரச அலுவலகத்தில் நாள் கேட்டுக் காத்துக் காத்து நரைத்த சனங்கள் நாங்கள். கடை முழுவதும் சிரித்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சும்மா இரு அண்ணை,” என்று அவரை அதட்டினார். ஆனால் அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். போதாததற்கு, “அம்மாவின்ரை படம் பார்த்தனாங்கள் ஐயா. களிசானோடை பத்து வயசு குறைஞ்சு நிக்கிறா,” என்றார், என்னை ஆறுதற்படுத்துவதாக எண்ணி. நான் மிச்சத்தை எண்ணாமல் வெளியேறினேன். கதை பிறந்த கடை அதுதான்.

ஆடியில் பாரிஸ் எரிந்தது. நான் அந்த நகரத்துக்கு எதிராக இந்த நகரத்தை எத்தனையோ முறை புகழ்ந்திருந்தேன். இது என்னைப் பழிவாங்கியது. தகரக் கூரை பகலில் குடித்த வெப்பத்தை எல்லாம் என் தலைமேல் ஊற்றியது. மூன்று யன்னலையும் திறந்துவைத்தேன். சூடான காற்றோடு கார்ச்சத்தமும் வந்தது. மனைவி தொலைபேசியில் கேட்டாள்.

“அங்கை சரியான வெக்கையாமே? இஞ்சை வாங்கோவன். வீட்டுக்குள்ளை நல்ல குளிர்.”

வெயிலுக்குத் தப்பப் பாலைவனத்துக்கு வரும்படி என்னை அழைக்கிறாள். அவள் கேலி செய்யவில்லை, அதுதான் எரிச்சல். “வடகம் எப்பிடி?” என்று கேட்டேன். “இன்னும் ஈரம்,” என்றாள்.

அந்த வெக்கையில் ஒருநாள் தண்ணீர்ப் போத்தல் கட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு சிறு முக்காலி, சுவரோடு சங்கிலியால் பிணைத்தபடி கிடக்கிறது. முழங்கால் நோ தொடங்கிய காலத்தில் என் மனைவி வைத்தது. ஏறும்போது அதில் சற்று உட்கார்ந்துவிட்டு வருவாள். அயலவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் அதை எடுத்துவிடச் சொல்லியிருந்தேன். அவள் எடுக்கவில்லை. அன்று எனக்கு மூச்சு முட்டியது. போத்தல்களை இறக்கிவைத்துவிட்டு முதன்முறையாக அதில் அமர்ந்தேன். அதில் இருந்து பார்த்தால் ஒரு மின்மானிப் பெட்டியும், வண்ணம் உரிந்த சுவரும், மேலே ஏறவேண்டிய மீதிப் படிகளும் தெரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாடிப் பிரெஞ்சு மூதாட்டி என்னைக் கடந்து இறங்கும்போது, “மடாம் எங்கே? அவருடைய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்களே,” என்றாள். எழுந்து வணக்கம் சொன்னேன்.

அடுத்த கிழமை சார்செல்லுக்கு ஆர்.ஈ.ஆர். தொடருந்து எடுத்தேன். அந்த ஊரைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஒன்றைப்போல ஒன்றாக எழுந்து நிற்கும் கோபுரங்கள், வாசலில் கிறுக்கல்கள், ஆறாம் மாடியில் எனக்குக் காட்டப்பட்ட வீட்டின் தாழ்வாரத்தில் யாரோ பொரித்த மீனின் மணம். வீட்டைக் காட்டிய இளைஞர் அறைகளின் அளவை விளக்கிக்கொண்டிருந்தார். நான் மின்தூக்கியைப் பரிசோதிக்கவேண்டும் என்றேன்.

அவரை மேலே நிற்கவைத்துவிட்டு நான் இறங்கினேன். ஏறினேன். மீண்டும் இறங்கினேன். கதவு எத்தனை நேரம் திறந்து நிற்கிறது, மெதுவாக நடப்பவர் உள்ளே வருமுன் மூடிவிடுகிறதா, உள்ளே பிடிக்கக் கம்பி உண்டா என்று கவனித்தேன். சந்தைப் பையோடு ஏறிய ஓர் ஆபிரிக்க அம்மையார், நான் இறங்காமல் மறுபடியும் கீழே போவதைக் கண்டு, “வழி தவறிவிட்டீர்களா, மிசியே?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“இல்லை. வாகனத்தைப் பரீட்சிக்கிறேன்,” என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டுத் தன் மாடியில் இறங்கினார்.

அன்று மாலையே மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். வீட்டைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னேன்: கோபுரம் அவலட்சணம், வாசல் அசுத்தம், முகவரியில் இனிப் பாரிஸ் என்ற சொல் இராது.

“அசான்சேர் வேலை செய்யுதோ?”

“ஏறி இறங்கிப் பார்த்தனான்.”

“எத்தினை தரம்?”

“காணுமான அளவு.”

மறுமுனையில் அந்த வீட்டின் ரீங்காரம் கேட்டது. தூரத்தில் மகள் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். இவள் அவளை அடக்கினாள்.

“மாடிமுகப்பு இருக்கோ?”

“இருக்கு. தெற்குப் பார்த்தது.”

“அப்ப சரி,” என்றாள். பிறகு, தட்டைத் திருப்பிப் பார்ப்பவள்போலச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள். “இஞ்சாருங்கோ, வடகமும் காய்ஞ்சிட்டுது.”

நான்காம் மாடி வீட்டை விடுவதாக அறிவித்தல் கொடுத்துவிட்டேன். பெர்தொனேயில் கதை சொல்பவர்கள் இதை வாசித்துத் தங்கள் கதையைத் திருத்திக்கொள்ளலாம். அந்த வெயிலில் வடகம் காய ஒரு பகல் போதும் என்பதை நான் அவளுக்கு நினைவூட்டவில்லை, நீங்களும் நினைவூட்டவேண்டாம்.